“நீ மட்டும் ஏன்டி இப்படி?” வீட்டில் வேறு மாதிரி இருப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் முதுநகரில் மீன் வியாபாரக் குடும்பத்தில் பிறந்து, 9 வயதிலிருந்து மீன் சாப்பிடாமல் இருப்பவள் நான். பெரிய காரணம் எதுவும் இல்லை. ஒரு நாள் விடியற்காலையில் அப்பாவோடு துறைமுகத்துக்குப் போயிருந்தேன். கூடையில் ஒரு சங்கரா இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அன்று மதியம் சோறு இறங்கவில்லை. மறுநாள் குழம்பை மட்டும் ஊற்றிப் பார்த்தார்கள், அதுவும் இறங்கவில்லை. இப்போது எனக்கு 43 வயது. இன்னும் இறங்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது. எங்கள் வீட்டில் ஏழு பேரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள், நான் பேசமாட்டேன். எல்லோருக்கும் 25 வயதுக்குள் கல்யாணம் ஆனது, நான் செய்துகொள்ளவில்லை. மற்றவர்கள் மீன், ஐஸ், வண்டி வாடகை என்று ஓட, நான் புதுச்சேரியில் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். “உக்காந்து எழுத்தப் பாக்குறதுக்கா காசு குடுக்குறான்?” என்று ஆயா கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் எனக்குப் பட்டப்பெயர் ‘வள்ளலார்’. வடலூர் எங்கள் மாவட்டத்தில்தான் இருக்கிறது. மீன் தொடாத ஆள் என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது வெள்ளை உடுத்திய சன்மார்க்கிகள். நான் சன்மார்க்கி இல்லை, ஜோதி பார்க்கப் போனதும் ஒரே ஒரு தைப்பூசத்துக்குத்தான். ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது.

‘நம்ம வீட்ல நான் மட்டும்தான் இப்படி’ என்பதை இப்போதுதான் கண்டுபிடித்து, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மீனுக்குப் பதிலாக உங்களுக்கு அது சாமியாக இருக்கலாம், படிப்பாக இருக்கலாம், கல்யாணமாக இருக்கலாம், உடம்பாகவே இருக்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டார் ஒத்துக்கொள்ளட்டும் என்று காத்திருக்காதீர்கள். நான் பார்த்தவரை குடும்பங்கள் ஒத்துக்கொள்வதில்லை, பழகிக்கொள்கின்றன. பிழை திருத்துகிறவள் என்பதால் சொல்கிறேன், இரண்டும் வேறு வேறு சொற்கள். ஒத்துக்கொள்ள வேண்டுமென்றால் அம்மா தன் மனசை மாற்ற வேண்டும். பழகுவதற்கு அம்மாவின் மனசு மாறவே வேண்டாம். வீட்டின் நடைமுறை கொஞ்சம் மாறினால் போதும். என் அம்மா 34 வருடமாக என்னை ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் நான் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பின்னடுப்பில் ஒரு சின்னச் சட்டியில் பருப்பு வெந்துகொண்டிருக்கும். கீழே இருப்பதெல்லாம் அந்தச் சின்னச் சட்டிக்குப் போகும் வழி.

ஒரு தாளும் மூன்று சொற்களும்

‘நான் வேற மாதிரி’ என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வதில் ஒரு சுகம் இருக்கிறது, பயன் இல்லை. எதில் வேறு மாதிரி என்று ஒரு தாளில் எழுதுங்கள். மனசுக்குள் இருக்கும்வரை அது ஊதிக்கொண்டே போகும். தாளில் இறங்கினால் ஏழெட்டு வரியில் அடங்கிவிடும். நான் 21 வயதில் எழுதியபோது பதினொரு வரி வந்தது. அதில் நாலு வரி, யோசித்துப் பார்த்தால், அண்ணன்மேல் இருந்த வெறும் கோபம். அடித்துவிட்டேன்.

அப்புறம் ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்றில் ஒரு சொல்லை எழுதுங்கள்: அறை, அடுப்பங்கரை, தெரு.

உங்களோடு மட்டும் முடிந்துவிடுகிற வித்தியாசம் அறையைச் சேர்ந்தது. என்ன படிக்கிறீர்கள், எதை நம்புகிறீர்கள், யார் பாட்டைக் கேட்கிறீர்கள், கூட்டம் என்றால் ஏன் தலை வலிக்கிறது, இதெல்லாம் அறை. வேறொருவரின் வேலையைக் கூட்டுகிற வித்தியாசம் அடுப்பங்கரையைச் சேர்ந்தது. தனிச் சாப்பாடு, தனி நேரம், தனிச் செலவு. ஊர் பார்க்கிற வித்தியாசம் தெருவைச் சேர்ந்தது. கல்யாணம், உடை, வேலை, கும்பிடும் சாமி.

ஏன் இப்படிப் பிரிக்கச் சொல்கிறேன் என்றால், புதியவர்கள் பெரும்பாலும் செய்யும் தப்பு அறை விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவருவதுதான். எனக்கு சாமி நம்பிக்கை குறைவு. அது அறை. 19 வயதில் மாசி மகத்தன்று, தேவனாம்பட்டினம் கடற்கரையில் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்கும்போது, அத்தனை சொந்தக்காரர்களுக்கும் நடுவில் அதை அறிவித்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். பெரியப்பா இரண்டு வருடம் என்னோடு பேசவில்லை. இன்றைக்குத் திரும்பிப் பார்த்தால் அந்த வாக்கியத்தால் எனக்கு ஒரு லாபமும் இல்லை. அறை விஷயத்துக்கு யார் அனுமதியும் வேண்டாம், அறிவிப்பும் வேண்டாம்.

தாளின் பின்பக்கத்தில், வீட்டாரோடு உங்களுக்கு எதெல்லாம் ஒன்றாக இருக்கிறது என்றும் எழுதிவையுங்கள். எனக்கு அப்பாவின் கணக்கு, அம்மாவின் பிடிவாதம், ஆயாவின் முழங்கால். மீன் சாப்பிடமாட்டேன் என்று 34 வருடம் நிற்கிறேனே, அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

அடுப்பங்கரை: வேலையை வாங்கிக்கொள்ளுங்கள்

இது சுலபமான பகுதி, அதனால் இங்கேயே தொடங்குங்கள்.

அம்மாவின் கோபம் மீனைப் பற்றியது என்று பல வருடம் நினைத்திருந்தேன். இல்லை. காலை மூன்றரைக்கு எழுந்து துறைமுகத்துக்குப் போய், பத்து மணிக்குத் திரும்பி, காரப்பொடியும் நெத்திலியும் ஆய்ந்து, எட்டுப் பேருக்கு வடித்துக் கொட்டுகிற ஒருத்தியிடம் “எனக்கு வேற குழம்பு” என்றால் கோபம் வராமல் என்ன வரும்? “ஒரு ஆளுக்குன்னு தனிக் கொழம்பாடி?” என்பதில் ‘தனி’ என்ற சொல்தான் முக்கியம். எனக்கு அது அப்போது காதில் விழவில்லை.

14 வயதில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். பிறகு பருப்பு, பிறகு புளிக்குழம்பு. மீன் நாட்களில் என் சாப்பாடு என் வேலை என்று ஆனதும் சண்டை பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி கரண்டியால் வந்தது. மீன் குழம்புக் கரண்டி என் பருப்பில் விழுந்துவிடும், நான் தட்டைத் தள்ளிவிடுவேன். ஒரு வருடம் கழித்துத்தான் புத்தி வந்தது: என் சட்டி, என் கரண்டி, அதற்கு ஒரு ஆணி. அவ்வளவுதான் நான் கேட்கலாம். அடுப்பங்கரை முழுவதும் எனக்காகச் சுத்தமாக வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இல்லை.

உங்கள் வித்தியாசம் விரதமாக இருந்தாலும், இரவு வேலையாக இருந்தாலும், வேறு மருந்தாக இருந்தாலும் இதே கணக்குத்தான். அதனால் யாருடைய கைக்கு வேலை கூடுகிறது என்று பாருங்கள். அந்த வேலையை நீங்கள் வாங்கிக்கொண்டால், மீதி இருப்பது உண்மையான பிரச்சினையா இல்லையா என்று தெரிந்துவிடும்.

அவர்கள் காதில் விழுவது என்ன?

இதை நான் கண்டுபிடிக்கக் கிட்டத்தட்ட பத்து வருடம் ஆனது. நீங்கள் அவ்வளவு நாள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நீங்கள் “எனக்கு வேண்டாம்” என்கிறீர்கள். வீட்டார் காதில் அது அப்படி விழுவதில்லை. அதற்குள் ஒரு குற்றச்சாட்டை அவர்கள் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் சைவம் என்ற சொல்லுக்குப் பின்னால் எப்போதும் சாதி நின்றுகொண்டிருக்கிறது. மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போன பஸ் பயணிகளை, வாடகைக்கு வீடு கேட்டால் “நீங்க என்ன சாப்பிடுவீங்க?” என்று ஆழம் பார்த்தவர்களை எங்கள் வீட்டுப் பெண்கள் வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர்கள். அந்த வீட்டுக்குள்ளேயே ஒரு குழந்தை முகத்தைச் சுளித்துக்கொண்டு தட்டைத் தள்ளினால் எப்படி இருக்கும்? ஒரு நாள் அம்மா கேட்டேவிட்டாள்: “எங்களப் பாத்தா நாத்தமா இருக்கா உனக்கு?”

நான் உயிர் வதை, உடம்புக்கு எது நல்லது என்று என்னவெல்லாமோ வாதம் வைத்திருந்தேன். ஒன்றுகூட அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை.

எனவே இந்தப் படியில் செய்ய வேண்டியது: உங்கள் வித்தியாசத்துக்குள் வீட்டார் எந்தக் குற்றச்சாட்டைக் கேட்கிறார்கள் என்று கண்டுபிடியுங்கள். கல்யாணம் வேண்டாம் என்றால், “நீங்க வாழ்ந்த வாழ்க்கை ஒரு வாழ்க்கையா?” என்று கேட்பதாக அம்மாவுக்குப் படலாம். கடையைப் பார்க்கமாட்டேன் என்றால், “நீ செஞ்சது ஒரு தொழிலா?” என்று அப்பாவுக்குக் கேட்கலாம். ரொம்பப் படித்தால், படிக்காத அண்ணனுக்கு வேறொன்று கேட்கும். பெரும்பாலும் அவர்கள் கோபத்தில் கத்தும் கடைசி வாக்கியத்தில் அந்தக் குற்றச்சாட்டு அப்படியே இருக்கும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கண்டுபிடித்தபின் வாதம் வேண்டாம். அந்தக் குற்றச்சாட்டைப் பொய்யாக்கும் ஒரு காரியத்தைச் செய்யுங்கள். நான் கல்லூரி விடுமுறைகளில் ஏலத்துக்குக் கணக்கு எழுதப் போனேன். எத்தனை கூடை, என்ன விலைக்குப் போனது, யார் பெயரில், எவ்வளவு நிலுவை. வேண்டிய நேரத்தில் கூடையும் தூக்கினேன். நெத்திலி ஆய்வதில் இன்றும் அண்ணியைவிட எனக்குக் கை வேகம் அதிகம். துறைமுகத்தில் யாரோ கேட்டதற்கு அப்பா பதில் சொன்னார்: “அது கையால தொடும், வாயால தொடாது.” சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பழகிவிட்டார் என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

எப்போது சொல்வது, எத்தனை சொல்லில் சொல்வது

தெரு விஷயத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் நேரம் பார்த்துச் சொல்லுங்கள். எங்கள் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அந்தத் தடைக்காலத்தில் கையில் காசு இருக்காது, சட்டியில் கருவாடுதான், ஆம்பளைகள் எல்லாம் வீட்டில். அந்த இரண்டு மாதத்தில் நான் எந்தப் பேச்சையும் எடுக்கமாட்டேன். உங்கள் வீட்டிலும் ஒரு தடைக்காலம் இருக்கும்: பள்ளிக் கட்டணம் கட்டும் ஜூன், கடை கணக்கு முடிக்கும் மாதம், தங்கை பிரசவத்துக்கு வந்திருக்கும் நேரம். விசேஷ வீட்டில், பந்தி நடக்கையில் சொல்லவே கூடாது.

எதிரெதிரே உட்கார்ந்து “உங்ககிட்ட ஒண்ணு பேசணும்” என்று தொடங்கினால் எல்லோருக்கும் வயிறு கலங்கும். கைகள் வேலையில் இருக்கும்போது சொல்லுங்கள். வெங்காயம் உரிக்கும்போது, துணி மடிக்கும்போது. கண் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் காது நிதானமாகக் கேட்கும்.

சொல்லும்போது ‘இப்போ’ என்ற சொல்லை மட்டும் சேர்க்காதீர்கள். இதில் நான் மோசமாகச் சறுக்கினேன். கல்யாணப் பேச்சு வந்தபோது “இப்போ வேணாம், படிப்பு முடியட்டும்” என்றேன். படிப்பு முடிந்தது. “வேலை கிடைக்கட்டும்.” கிடைத்தது. “அண்ணனுக்கு முடியட்டும்.” அதுவும் முடிந்தது. அவர்கள் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் என் முன்னால் நின்று “இப்ப சொல்லு” என்றார்கள். அப்போது “எப்பவுமே வேணாம்” என்றேன். அவர்களுக்கு அது ஏமாற்றுவேலையாகப் பட்டதில் தப்பே இல்லை. இரண்டு பெண் பார்க்கும் படலத்தை அதற்குள் நடத்தி முடித்திருந்தார்கள்; வந்தவர்களுக்கு ஸ்வீட் காரம் செலவு வேறு. முதல் நாளே “எனக்கு வேணாம்மா” என்று சொல்லியிருந்தால் ஒரு வருடச் சண்டையோடு போயிருக்கும். எனக்கு ஏழு வருடம் ஆனது.

காரணம் கேட்டால் ஒன்றே ஒன்று சொல்லுங்கள், அதுவும் அவர்களால் தீர்த்துவைக்க முடியாத ஒன்றாக இருக்கட்டும். “நல்ல மாப்பிள்ளை இல்ல” என்றால் நல்ல மாப்பிள்ளை தேடுவார்கள்.

தெருவுக்கு ஒரு வாக்கியம்

எல்லோரும் தனக்கு வேண்டிய பதிலைத் தயார் செய்கிறார்கள். சொந்தக்காரர்கள் முதலில் பிடிப்பது உங்களை இல்லை, உங்கள் அம்மாவை. கல்யாண மண்டபத்தில், ரேஷன் கடை வரிசையில், பாடலீஸ்வரர் கோயில் பிரகாரத்தில் “உன் பொண்ணு ஏன் இன்னும்...” என்று யாராவது இழுக்கும்போது அம்மா வாயில்லாமல் நிற்கிறாள். அந்த அவமானம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்கள்மேல் கோபமாக இறங்குகிறது.

அதனால் அம்மாவுக்கு ஒரு வாக்கியம் செய்து கொடுங்கள். அது பொய்யாக இருக்கக் கூடாது, நீளமாக இருக்கக் கூடாது, அதில் உங்களுக்காக மன்னிப்பும் இருக்கக் கூடாது. நான் கொடுத்தது: “அவ பாண்டியில வேல பாக்குறா, நல்லா இருக்கா.” முதல் தடவை அம்மா சொல்லிப் பார்த்தபோது ‘நல்லா இருக்கா’ என்பதில் குரல் கம்மியது. மூன்றாவது கல்யாணத்தில் நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன், கேட்டவர் மேலே கேட்க வாய் திறப்பதற்குள் அம்மா “நீ எப்ப வந்த, சாப்ட்டியா?” என்று பேச்சைத் திருப்பினாள். இந்த இரண்டாவது பகுதி அம்மாவின் சொந்தச் சரக்கு.

உங்களை நேரிலேயே கேட்டால்? என் அனுபவத்தில் மூன்று பதில்கள் போதும். மூத்தவர்களுக்கு: “நீங்க ஆசீர்வாதம் பண்ணுங்க அத்தை.” எதற்கு என்று சொல்ல வேண்டாம். சம வயதினருக்கு: “எனக்கு இது சரியா இருக்கு.” கிண்டல் செய்பவர்களுக்குச் சிரிப்பு. விளக்கம் யாருக்கும் வேண்டாம்.

எங்கள் சித்தி ஒருத்தி ஒவ்வொரு வருடமும் அப்பர் கதையைச் சொல்வாள். திருவதிகையில் அக்கா திலகவதியார் சைவ சமயத்தில் நிற்க, தம்பி சமணத்துக்குப் போய் எங்கள் பாதிரிப்புலியூரில் தருமசேனர் ஆனார். சூலை நோய் வந்ததும் அக்காவிடம் திரும்பினார். “பாரு, திரும்பி வந்தாரு இல்ல?” என்று என்னைப் பார்ப்பாள். சித்தியின் நம்பிக்கையைக் கெடுப்பானேன் என்று கேட்டுக்கொள்வேன். எனக்கு அந்தக் கதையில் பிடித்த இடம் வேறு. “சமணர் இருக்கும் இடத்துக்கு நான் வரமாட்டேன்” என்று அக்கா கறாராகச் சொல்லி அனுப்புகிறாள். ஆனால் ராத்திரி தம்பி வந்து நின்றபோது கதவு திறந்துதான் இருந்தது.

வீட்டுக்குள் ஒரு அண்ணி

வள்ளலார் சென்னையில் அண்ணன் வீட்டில் வளர்ந்தவர். படிப்பில் நாட்டம் இல்லாமல் கோயில் கோயிலாகத் திரிந்த தம்பிமேல் அண்ணன் சபாபதிக்குக் கோபம். இவனுக்கு வீட்டில் சோறு போடாதே என்று சொல்லிவிட்டார். அண்ணி மறைவாகச் சோறு போட்டார் என்று அவர் வரலாற்றில் வரும். பின்னாளில் 1867-இல் வடலூரில் தருமசாலை தொடங்கி, அணையாத அடுப்பு மூட்டினாரே, அதற்கும் அண்ணி போட்ட சோற்றுக்கும் தொடர்பு இருக்கும் என்பது என் சொந்தக் கணிப்பு.

எல்லா வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். எனக்கு ஆயா. வேலையைக் கிண்டல் செய்வார், ஆனால் மீன் நாளில் எனக்கென்று ஒரு பிடி கடலையை வறுத்து முந்தானையில் முடிந்துவைத்திருப்பார். அந்த ஆளைக் கண்டுபிடியுங்கள். கண்டுபிடித்தபின் அவரைத் தூது விடாதீர்கள், உங்களுக்காகச் சண்டை போடச் சொல்லாதீர்கள். அவரும் அந்த வீட்டில்தான் வாழவேண்டும்.

25 கிலோமீட்டர்

சிலருக்குத் தள்ளி இருந்தால்தான் பழக்கம் வரும். நான் 27 வயதில் புதுச்சேரிக்கு வந்தேன். கடலூரிலிருந்து பஸ் ஏறினால் முள்ளோடை, கன்னியக்கோயில், தவளக்குப்பம் தாண்டி ஒரு மணி நேரத்துக்குள் பேருந்து நிலையம். தூரம் 25 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் மாநில எல்லை ஒன்று நடுவில் இருப்பதாலோ என்னவோ, அம்மாவுக்கு அது வெளிநாடு மாதிரி. எனக்கும் அதுவே வசதியாக இருந்தது.

இந்த ஊருக்கும் ஒரு குடும்பக் கதை உண்டு. பெயர் ஒன்று, துண்டு நான்கு. காரைக்கால் தெற்கே நாகப்பட்டினம் பக்கம். மாஹே மலையாளம் பேசிக்கொண்டு கேரளக் கரையில். யானம் தெலுங்கு பேசிக்கொண்டு காக்கிநாடா பக்கம். சட்டமன்றத்தில் மட்டும் எல்லோரும் ஒரு கூரைக்கு வருகிறார்கள். பிரெஞ்சுக்காரர்களிடம் ஐந்தாவதாக வங்காளத்தில் சந்திரநாகூரும் இருந்தது. அது 1949-லேயே வாக்கெடுப்பு நடத்திப் பிரிந்து, பிறகு மேற்கு வங்கத்தோடு தனிக்குடித்தனம் போய்விட்டது.

எனக்கு வீடு வாடகைக்கு விட்டிருக்கும் அம்மாவின் குடும்பம் சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த குடும்பம். இந்தப் பகுதிகளைப் பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம். இவர் சித்தப்பா எழுதிக் கொடுத்தார், அப்பா கொடுக்கவில்லை. இன்றைக்கு அந்தக் கிளை பிரான்ஸ் அதிபர் தேர்தலுக்கு இங்கேயே ஓட்டுப் போடுகிறது, இந்தக் கிளை சட்டமன்றத்துக்குப் போடுகிறது. கல்யாணத்தில் இரண்டு கிளையும் ஒரே பந்தியில் உட்கார்ந்து பாயசம் சரியில்லை என்கின்றன.

தள்ளிப்போக முடிவெடுத்தால் சில நடைமுறைக் காரியங்கள். ஆதார், படிப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் உங்கள் கையில் இருக்கட்டும். வீட்டு பீரோவில் ‘பத்திரமாக’ வேண்டாம். வங்கிக் கணக்கு உங்கள் பெயரில் மட்டும். மூன்று மாதச் செலவுக்குக் காசு சேர்த்துக்கொண்டு கிளம்புங்கள். தனியாக வரும் பெண்ணுக்கு வீடு கிடைப்பது இன்றும் கஷ்டம். முதல் வருடம் வேலைக்குப் போகும் பெண்கள் விடுதியில் இருந்துவிட்டு, அக்கம்பக்கம் பழகியபின் வீடு தேடுவது என் வழி.

போனபின் வீட்டுக்கு வரும் நாளைத் தேதி வைத்துச் சொல்லிவிடுங்கள். நான் இரண்டாவது, நான்காவது ஞாயிறு. மீன் நாள் என்று தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தேன். மீன் இல்லாத நாளாகப் பார்த்து வந்துபோனால், நான் இல்லாத வீட்டுக்கு அவர்கள் பழகுவார்கள். எனக்குப் பழகமாட்டார்கள்.

இந்த வழி செல்லாத இடங்கள்

இதுவரை சொன்னதெல்லாம் திட்டுகிற, அழுகிற, முகத்தைத் திருப்பிக்கொள்கிற குடும்பங்களுக்கு. அடிக்கிற, பூட்டி வைக்கிற, மிரட்டுகிற குடும்பத்துக்கு இல்லை. எங்கள் மாவட்டத்தில்தான் 2003-இல், விருத்தாசலம் பக்கத்தில், சாதி மாறிக் கல்யாணம் செய்துகொண்ட முருகேசனும் கண்ணகியும் பெண்ணின் உறவினர்களால் கொல்லப்பட்டார்கள். கடலூர் நீதிமன்றம் தண்டனை கொடுக்க 2021 ஆனது. ‘போகப் போகப் பழகிடுவாங்க’ என்று யாராவது சொன்னால், எந்த வீட்டைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

18 வயது முடிந்தவர் எங்கே வாழ்வது, யாரோடு வாழ்வது என்பது அவர் முடிவு. கல்யாணத்துக்கு வீட்டார் சம்மதமோ ஊர்ப் பஞ்சாயத்தின் சம்மதமோ தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. உதவிக்குக் கூப்பிட, பெண்களுக்கு 181, 18 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு 1098. குடும்ப வன்முறைச் சட்டம் மனைவிகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் பிறந்த வீட்டில் அடிபடும் மகளுக்கும் தங்கைக்கும் உண்டு. இலவச சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.

திருநங்கை, திருநம்பி என்றால் தமிழ்நாட்டில் 2008 முதல் தனி நலவாரியம் இருக்கிறது. தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தன்பாலீர்ப்பு குற்றம் இல்லை என்றானது 2018 செப்டம்பர் 6. ‘மாற்றிவிடுகிறேன்’ என்று சிகிச்சை செய்யும் டாக்டர்கள்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டது. வீட்டார் அப்படி ஒரு டாக்டரிடம் கூட்டிப் போனால் இதைச் சொல்லலாம்.

மனசு தாங்கவில்லை என்றால் 14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம். நான் ஒரு முறை பேசியிருக்கிறேன். மறுமுனையில் இருந்தவர் அறிவுரை எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

அடுத்த ஆள்

இந்தப் படியை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. போன வருடம்தான் வந்து மோதியது.

அண்ணன் மகனுக்கு 16 வயது. எங்கள் வீட்டில் இப்போது எல்லோருக்கும் ஒரே பேச்சு, பிள்ளைகள் படிக்க வேண்டும், துறைமுகம் நம்மோடு முடியட்டும். அவன் அக்கா இன்ஜினியரிங் படிக்கிறாள். இவன் மட்டும் படகுக்குப் போகிறேன் என்கிறான். கரையில் நின்று ஏலம் விடுவதுகூட வேண்டாமாம், கடலுக்கே போகணுமாம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் கடலுக்குப் போனதில்லை, வியாபாரம்தான். அண்ணி அழுதாள். அண்ணன் என்னைக் கூப்பிட்டு, “நீதான் படிச்சவ, சொல்லு” என்றான்.

நானும் போய் உட்கார்ந்து பேசினேன். கடல் எவ்வளவு ஆபத்து, 2004-இல் இந்தக் கரையில் என்ன நடந்தது, படிப்பு எவ்வளவு முக்கியம். நன்றாகத்தான் பேசினேன் என்று நினைக்கிறேன். கடைசியில் என் வாயிலிருந்து வந்த வாக்கியம்: “எல்லாரும் ஒழுங்கா இருக்காங்க, நீ மட்டும் ஏன்டா இப்படி?”

அவன் வலை ஊசியைக் கீழே வைக்காமல் சொன்னான்: “அத்தை, நீ மீனு சாப்பிடமாட்ட. நான் ஒரு நாளாச்சும் உன்ன ஏன்னு கேட்டனா?”

கேட்டதில்லை. அவன் பிறந்ததிலிருந்து பின்னடுப்பில் அந்தச் சின்னச் சட்டி இருக்கிறது. அவனுக்கு அது வீட்டின் ஒரு சாமான், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் இருவரும் ஒரு தாள் எடுத்தோம். அவன் எழுதியது மூன்றே வரி, மூன்றுக்கும் எதிரே ‘தெரு’ என்று போட்டான். பிளஸ் டூ முடிக்கிறேன் என்பதை அவனாகவே கீழே சேர்த்தான். ‘இப்போ’ என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று நான் பார்த்தேன், இல்லை. இப்போது அண்ணி தெருவில் சொல்வதற்கு ஒரு வாக்கியம் தேடிக்கொண்டிருக்கிறோம். நான் “மீன்வளம் படிக்கப் போறான்” என்று ஒன்று சொன்னேன். “அது பொய்யி அத்தை” என்று அடித்துவிட்டான். அவன் எழுதிய நாலும் அண்ணிக்குப் பிடிக்கவில்லை. அடுத்த நான்காவது ஞாயிறு மறுபடி உட்கார்கிறோம்.